அடிவாக்கியம்

"கல்வி மனித வாழ்வுக்கு இன்றியமையாதது என்றால் அது மிகையாகாது."

மாணவி கொக்கி எழுதிய இந்த வாக்கியத்தை டீச்சர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்தார். படித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தார். மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் பை உருண்டுகொண்டிருந்தது. மனித நடமாட்டம் இல்லை.

"ஒருத்தரையும் காணோமே" என்றார்.

"யாரை டீச்சர்?"

"கல்வியெல்லாம் வேண்டாம்னு சொல்றவங்களை. யாராவது வந்து 'இல்லவே இல்ல'ன்னு சண்டை போட்டாத்தானே நீ நாலு பக்கம் எழுத வேண்டிய அவசியம் வரும்? ஊரே தலையாட்டுற விஷயத்துக்கு நாலு பக்கம் எதுக்கும்மா? நான் வேற அதை உட்கார்ந்து படிக்கணும்."

மொழிப்பாடம் எடுக்கும் இந்த டீச்சருக்குப் பின்பெஞ்சு வைத்திருந்த பெயர் கத்தரி. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் கால் பக்கமாகத் திருப்பித் தருவார். மாணவர்கள் மேல் பாசம், மொழி மேல் காதல் என்றெல்லாம் யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரே கட்டுரையை வேறு வேறு கையெழுத்தில் வருஷக்கணக்காகப் படித்து நொந்துபோன மனுஷி, அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கட்டுரையில் எதுவுமே மிகையாவதில்லை. மரம் நடுவது காலத்தின் கட்டாயம். இளைஞர்கள் நாட்டின் தூண்கள். தூண்களுக்கு மார்க் வேண்டும் என்பதால் தூண்களும் அதையே எழுதிக்கொண்டிருந்தன.

அன்று கரும்பலகையில் 'அடிவாக்கியம்' என்று பெரிதாக எழுதினார் கத்தரி. அடித்தளம், அடிப்படை என்கிறோமே, அந்த அடி. மொத்தக் கட்டுரையும் எந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறதோ, அது. முதல் பத்தியின் முடிவில் வர வேண்டும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் அதை நிரூபிப்பதற்குத்தான்.

பின்பெஞ்சில் ஒருத்தன் எழுந்தான். "அடி யாருக்கு டீச்சர் விழும்?"

வகுப்பு சிரித்தது. கத்தரி சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"நீ தப்பா புரிஞ்சுக்கிட்டதுதான் சரி. நடுரோட்டுல நின்னு உன் வாக்கியத்தைச் சொல்லு. போறவங்கள்ல ஒருத்தராவது திரும்பி வந்து 'ஏய், என்ன சொன்ன?'ன்னு சட்டையைப் பிடிக்கணும். யாரும் பிடிக்கலைன்னா அதுக்குப் பேரு அடிவாக்கியம் இல்ல. அடி வாங்காத வாக்கியம். அதை வீட்லயே வச்சுக்கோ."

அந்த நிமிஷத்திலிருந்து 'அடி'க்கு அந்த வகுப்பில் வேறு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை எல்லோரும் ஒரு தாளில் திட்டம் எழுதிவர வேண்டும். மேலே அடிவாக்கியம். அதன் கீழே அதைத் தாங்கிப் பிடிக்க மூன்று ஆதாரம். அதற்கும் கீழே எதிராளி. "உன் வாக்கியத்தை உடைக்க வர்றவன் என்ன சொல்லுவான்னு நீயே எழுதணும். இருக்கிறதுலயே பலமான ஆளா கூட்டிட்டு வா. நோஞ்சானைக் கூட்டிட்டு வந்து அடிச்சுப் போட்டுட்டு ஜெயிச்சேன்னு சொன்னா மார்க் கிடையாது" என்றார். முழுக் கட்டுரையை வியாழக்கிழமை தர வேண்டும்.

கொக்கி என்பது பதிவேட்டில் இருக்கும் பெயர் அல்ல. யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு 'ஏன்' மாட்டி இழுக்கிற பழக்கம் அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே உண்டு. தூங்கு என்றால் ஏன். சாப்பிடு என்றால் ஏன். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினால், நிலா ஏன் சாப்பிடவில்லை. தாங்க முடியாமல் அவள் அப்பாதான் முதலில் கொக்கி என்று கூப்பிட்டார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இவ்வளவு கேள்வி கேட்கிறவள் கட்டுரை என்று வந்ததும் 'மிகையாகாது' என்று எழுதினாளே என்றால், கட்டுரைக்கென்று தனியாக ஒரு மூளையைப் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறது. அதை வைத்து எழுதினாள்.

தவிர, அவள் புத்தி கட்டுரையில் இல்லை. அவளுக்குக் கப்பல் இயந்திரப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கடலோர நகரம் ஒன்றில், ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில். படிப்பு இரண்டு வருஷம், அங்கேயே தங்க வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். அம்மா சம்மதம் சொல்லி, "ஆனா உங்கப்பா இல்லாம நான் போட மாட்டேன். பின்னாடி ஆயுசுக்கும் என்னைச் சொல்லிக் காட்டுவார்" என்று ஒதுங்கிக்கொண்டாள். அப்பாவிடம் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஒரே ஒரு வார்த்தை.

"பார்க்கலாம்."

அப்பா வாஷிங் மெஷின் மெக்கானிக். வீட்டுக்குக் கீழேயே கடை. ஷட்டரைத் தூக்கினால் முதுகு கழற்றப்பட்ட மெஷின்கள் வரிசையாகச் சுவரைப் பார்த்து நிற்கும். தரை எப்போதும் ஈரம். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச். கெட்ட வார்த்தை பேச மாட்டார், கோபப்பட மாட்டார், 'கிடையாது' என்றும் சொல்ல மாட்டார். ஊரில் நல்ல மனுஷன் என்று பெயர். பிடி கொடுக்காமல் பேசுகிறவர்களுக்கு அந்தப் பெயர் சுலபமாகக் கிடைக்கும்.

"நாளைக்கு மெஷின் கிடைச்சிடுமா?" பார்க்கலாம். "மோட்டார் போயிருக்குமா, பெல்ட்டா?" பார்க்கலாம். பூனை வளர்க்கலாமா என்று கொக்கி கேட்டபோதும் பார்க்கலாம். பூனை வரவில்லை. சமையலறையில் ஒரு ஜன்னல் வைக்கலாமா என்று அம்மா கேட்டபோதும் பார்க்கலாம். அம்மா இன்றைக்கும் புகையில் இருமிக்கொண்டேதான் வறுக்கிறாள். மூன்று பேருமாகக் கடல் பார்க்கப் போகலாமா என்று கேட்டதற்கும் அதே பதில். கடல் அதே இடத்தில்தான் இருக்கிறது, இவர்கள்தான் போகவில்லை.

வாரக் கடைசி முழுக்க கொக்கி அடிவாக்கியம் தேடினாள். சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"ஃபோனை ரொம்ப நேரம் பார்க்கிறது கண்ணுக்குக் கெடுதல்."

"ஆமா" என்றாள் அம்மா, ஃபோனைப் பார்த்தபடி.

"பொய் சொல்றது தப்பு."

"ஆமா."

"அம்மா, யாராவது ஒருத்தர் இல்லைன்னு சொல்லணும். அப்பதான் கட்டுரை."

"அதுக்கு நான் என்ன பண்ண? நல்லதா நாலு விஷயம் எழுது."

"நல்ல விஷயம் எழுதினா கத்தரி வெட்டிடும்மா."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொக்கி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, எதையும் எதிர்பார்க்காதவள் மாதிரிக் கேட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை போறோமா?"

"பார்க்கலாம்."

அம்மா பெருமூச்சு விட்டாள். கொக்கி தட்டை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் கிடந்த தாளை இழுத்து எழுதினாள்: *எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் 'கிடையாது' என்று பொருள்.*

எழுதியதைத் திரும்பப் படித்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. இதை நடுரோட்டில் நின்று சொல்ல வேண்டியதே இல்லை. இந்த மேஜையில் சொன்னாலே போதும், சட்டையைப் பிடிக்க ஆள் ரெடி.

அடுத்த நாள் அப்பா கடைக்கு இறங்கியதும் ஆதாரம் சேகரித்தாள். பூனை ஒன்று. ஜன்னல் இரண்டு. கடல் மூன்று. இது போதாதென்று வாடிக்கையாளர்கள் வேறு. அவர்களைச் சேர்த்தால் நாலு பக்கம் பத்தாது, தனிப் புத்தகம் போடலாம். மீதி இருந்தது எதிராளி மட்டும்தான்.

"அம்மா, அப்பா 'பார்க்கலாம்'னு சொல்லி எதாவது நடந்திருக்கா? எதுவா இருந்தாலும் பரவால்ல. எனக்கு எதிரா ஒண்ணு வேணும்."

அம்மா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கப் பிறர் சொல்லும் சாக்குகளைக் கேட்பதுதான் அவள் தொழில். "பல்லு வலிக்கும்போது போன் பண்றவங்க யாரும் பார்க்கலாம்னு சொல்ல மாட்டாங்க. வலி போன மறுநாள்தான் சொல்லுவாங்க" என்று ஆரம்பித்தவள், திடீரென்று நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தவள் அதை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணு இருக்கு. சொன்னா உன் கட்டுரை காலி."

"சொல்லு."

"எங்க கல்யாணம்."

கொக்கிக்கு இது புதுச் செய்தி. இந்தக் கல்யாணத்துக்கு யார் யாரைக் கேட்டார்கள் என்று அவள் இதுவரை விசாரித்ததே இல்லை. எல்லாவற்றையும் கேட்டவள் இதை எப்படி விட்டாள் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"நான்தான் கேட்டேன்" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரில துண்டு துவைக்கிற மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணும். ரிப்பேர் பண்ண வருவார். மெஷின் மேல இருக்கிற அக்கறையைப் பார்த்து, சரி, மனுஷங்க மேலயும் கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன். ஒருநாள் நேரா கேட்டுட்டேன், என்னைக் கட்டிக்கிறீங்களான்னு. இந்த மனுஷன் டார்ச்சை அணைச்சுப் பைல போட்டுட்டு, 'பார்க்கலாம்'னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"அடப்பாவமே!"

"அழுதுட்டே வீட்டுக்குப் போனேன். மானம் போச்சேன்னு. கொஞ்ச நாள் கழிச்சு வந்து நிக்கிறார். மெஷின் ஓடுதான்னு கேட்டார். ஓடுதுன்னேன். 'அப்ப நான் எதுக்கு வந்தேன்னு கேளு'ன்னார். நெத்தியெல்லாம் வேர்வை. கேட்டேன். 'சரி'ன்னார். அவ்வளவுதான் உங்கப்பா பேசின காதல் வசனம்."

"அன்னைக்கே சரின்னு சொல்ல வேண்டியதுதானே? ஏன் சொல்லல?"

"நானும் பின்னாடி கேட்டேன். பயந்துட்டாராம். சரின்னு சொல்லி, நான் விளையாட்டுக்குக் கேட்டேன்னு ஆகிட்டா என்ன பண்றதுன்னு பயமாம். கிடையாதுன்னு சொல்லவும் பயமாம், நான் போயிடுவேனேன்னு. அதான் நடுவுல ஒரு வார்த்தை."

கொக்கி தன் தாளைப் பார்த்தாள். வசமாக உடைந்து கிடந்தது. 'கிடையாது' என்று பொருள் என்றால், இவள் பிறந்திருக்கவே முடியாது. இதைவிடப் பலமான எதிராளியை அவள் எங்கே போய்த் தேடுவது? எதிராளியே இவள்தான்.

ஆனால் உடைந்தது பொருள்தான், சொல் இல்லை. பூனை வேண்டாம் என்று அப்பா ஏன் சொல்லவில்லை? ஓடிப்போகும், வண்டியில் அடிபடும், இவள் அழுவாள். ஜன்னல்? சுவரை உடைத்தால் மேல்தளம் தாங்குமா என்று அவர் பலமுறை முணுமுணுத்ததை அவளே கேட்டிருக்கிறாள். கடல்? அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. கொக்கி முதல் வாக்கியத்தை அடித்தாள். அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: *எங்கள் அப்பா 'பார்க்கலாம்' என்றால் அவர் பயப்படுகிறார் என்று பொருள்.*

திங்கட்கிழமை கத்தரி ஒவ்வொருவர் மேஜையாக வந்தார். முன்பெஞ்சுப் பெண் 'நாயைவிடப் பூனையே நன்றியுள்ளது' என்று எழுதியிருந்தாள். பின்பெஞ்சுக்காரன் 'வீட்டுப்பாடம் ஆசிரியர்களின் சோம்பலால் பிறந்தது' என்று எழுதி, அதற்கு மூன்று ஆதாரமும் வைத்திருந்தான். மூன்றும் கத்தரியைப் பற்றியவை. அவர் வாசித்துவிட்டு, "நல்ல வாக்கியம். ரெண்டாவது ஆதாரம் பொய். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்" என்று நகர்ந்தார்.

கொக்கியின் தாளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"யாரு மறுப்பாங்க?"

"அப்பா."

"எதிராளி இடத்துல என்ன எழுதியிருக்க? 'எனக்குப் பயமில்லை என்று அப்பா சொல்லக்கூடும்.' சொல்லக்கூடும்னா? அவர் ஊர்ல இல்லையா?"

"இருக்கார் டீச்சர். எங்க வீட்டுக்குக் கீழதான்."

"பின்ன என்ன, படி இறங்கிப் போய்க் கேளு. ஆள் உயிரோட இருக்கும்போது அவர் பேச வேண்டியதை நீ ஏன் கற்பனை பண்ற? அவர் சொல்றதுலயே பலமானதை எழுதிட்டு வா."

கொக்கிக்குப் பயமாகிவிட்டது. பயத்தைப் பற்றி எழுதுகிறவளுக்குப் பயம் வரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

அன்று சாயங்காலம் அவள் கடைக்குப் போனபோது அப்பா ஒரு மெஷினுக்குள் தோள்வரை நுழைந்திருந்தார். வெளியே இரண்டு கால்களும் ஒரு முதுகும் தெரிந்தன. பக்கத்து பேக்கரிக்காரர் தன் மெஷினுக்காகக் காத்திருந்தார். மாவு படிந்த ஏப்ரன்கள் மூன்று மூட்டையாக வீட்டில் கிடக்கின்றன, மனைவி தன்னையும் அதோடு சேர்த்து மூட்டை கட்டிவிடுவாள் என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு வாக்கியம் படிக்கிறேன். நீங்க மறுக்கணும்."

"படி" என்றது மெஷின்.

படித்தாள். மெஷினுக்குள்ளிருந்து ஸ்பானர் விழும் சத்தம் கேட்டது. பிறகு தலை வெளியே வந்தது. கன்னத்தில் கிரீஸ்.

"யாருக்குப் பயம்?"

"உங்களுக்கு."

"எனக்கா? பயமா? திறந்து பார்க்காம எந்த மெஷினையும் ஓடும், ஓடாதுன்னு சொல்றவன் மெக்கானிக்கே இல்ல. நான் பொய் சொல்றதில்ல. பார்க்கலாம்னா பார்க்கலாம்னுதான் அர்த்தம். இதுல என்ன பயம்? எழுது, இதை எழுது. எதிராளி சொன்னான்னு எழுது."

எழுதினாள். உண்மையிலேயே பலமான பதில். பேக்கரிக்காரரும் தலையாட்டினார். "சரிதானே. நானும் பன் வேகறதுக்கு முன்னாடி நல்லா வந்துருக்குன்னு சொல்ல மாட்டேன்."

"ஆனா மெஷினைத் திறந்து பார்க்குறீங்கப்பா" என்றாள் கொக்கி. "டார்ச் அடிக்கிறீங்க, தலையை விடுறீங்க, சாயங்காலம் இது பேரிங்னு சொல்றீங்க. என் விஷயத்துல மூடியைக்கூடத் தொடலையே? அந்தப் படிப்பு என்னன்னு ஒரு கேள்வி கேட்டீங்களா? எங்க தங்குவேன்னு கேட்டீங்களா?"

பேக்கரிக்காரர் இப்போது இந்தப் பக்கம் தலையாட்டினார். இந்த மாதிரி ஆட்கள் எல்லாச் சண்டையிலும் ஒருத்தர் இருப்பார்.

"கேட்கலாம்னுதான்..." என்றார் அப்பா.

"இதுக்கும் ஒரு 'லாம்'! அப்பா, வெள்ளிக்கிழமை வர்றீங்களா, இல்லையா? 'லாம்' இல்லாம சொல்லுங்க."

அப்பா அழுக்குத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். சுத்தமாகிவிட்ட விரல்களையும் திரும்பத் துடைத்தார். அவருக்கு அழகாக மழுப்ப வரும். இன்றைக்கு என்ன ஆனதோ, வரவில்லை.

"முடியாது" என்றார்.

பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். இந்தக் கடையில் இந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. கொக்கியும் கேட்டதில்லை. வலித்தது. ஆனால் காலுக்குக் கீழே தரை கெட்டியான மாதிரியும் இருந்தது.

"ஏன்?"

"ஏன்னா..." அவர் பேக்கரிக்காரரைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த டிரம்முக்குள் பார்த்துச் சொன்னார். "பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்க வந்து உட்கார்ந்து, அது ஏன் சுத்துது, இது ஏன் நிக்குதுன்னு என் உயிரை எடுப்ப. எனக்கு அது பழகிப்போச்சு. நீ போயிட்டா இந்தக் கடைல நான் யாருக்குப் பதில் சொல்றது? இந்த மெஷினுக்கா?"

"அட, இதைத்தானேய்யா பொண்ணு பயம்னு எழுதியிருக்கு" என்றார் பேக்கரிக்காரர்.

"இது பயம் இல்ல. இது காரணம்."

கொக்கி எழுதவில்லை. பேனா கையில்தான் இருந்தது. அப்பாவை எப்படி மடக்குவது என்று படியிறங்கும்போது தயாரித்து வந்திருந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்தது. அதைப் பார்த்து இந்த பேக்கரிக்காரர் பரிதாபப்படுவாரே என்று கோபமும் வந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா" என்றாள். "அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. கப்பல் ஆடும், வாந்தி வரும், இயந்திர அறைல பொண்ணுன்னு சிரிப்பாங்க. எல்லாம் தெரியும். இருந்தாலும் ஆசையா இருக்கு. நீங்க சரின்னு சொன்னா சிரிச்சுட்டுப் போவேன். கிடையாதுன்னு சொன்னா சண்டை போட்டுட்டுப் போவேன். ரெண்டுமே என்னால முடியும். பார்க்கலாம்னு சொன்னீங்கன்னா நான் எங்கயும் போக முடியாது. நின்ன இடத்துலயே நிக்கணும். அதுதான் என்னால முடியல."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "பா..." என்று ஆரம்பித்து, மகள் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கினார். பேக்கரிக்காரர் தன் மெஷின் எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்ததையே மறந்து கிளம்பிப் போனார். அவர் மனைவி அன்று அவரை என்ன செய்தாள் என்பது நமக்குத் தேவையில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் இந்தப் பேச்சு எழவே இல்லை. அப்பா மேலே வந்தார், சாப்பிட்டார், கீழே போனார். ஒருநாள் மட்டும், "கப்பல்ல மோட்டாரை எதை வச்சுக் குளிர வைப்பாங்க?" என்று கேட்டார். "கடல் தண்ணிய வச்சுத்தான்" என்றாள். "உப்பு அரிக்குமே" என்றார். "அதுக்குத்தான்பா படிக்கிறது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர், தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரி, "எனக்குத் தண்ணி வெளிய போகக் கூடாது, உனக்குத் தண்ணி உள்ள வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். அம்மா கொக்கியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அதை நம்பி எதுவும் நினைத்துக்கொள்ள கொக்கி தயாராக இல்லை.

கட்டுரையை வியாழக்கிழமை கொடுத்தாள். என்ன மார்க் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கத்தரி முதல் பக்கத்தில் பாதியை வெட்டினார். எதிராளி பேசிய பகுதியில் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. கடைசியில், 'எதிராளிக்கு நீ கொடுத்த பதில் பலமாக இல்லை. அவர்தான் ஜெயிக்கிறார்' என்று எழுதி, மார்க்கைக் குறைத்திருந்தார். கொக்கி சண்டைக்குப் போகவில்லை. அது உண்மை.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு பகல் முன்னதாகவே ரயில் ஏற வேண்டும். அதனால் கட்டுரை கொடுத்த அன்று மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே கொக்கி எல்லாவற்றையும் கைகழுவிவிட்ட மனசோடுதான் வந்தாள். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வேலை நாளில் அதை அப்படிப் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை, யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே நினைத்து ஓடினாள். மேலே அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பை. அம்மா ரயிலில் சாப்பிடக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வர்றேன்னு சொல்லலையேப்பா?"

"முடியாதுன்னு சொன்னேன். இப்பவும் அதான் சொல்றேன். கெளம்பு, ரயில் போயிடும்."

வழி முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போடவா வருகிறார், இல்லை நேரிலேயே போய் மறுத்துவிட்டு வரவா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

மறுநாள் காலை அந்தக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கவுண்டர், அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, முன்னால் பெற்றோர் வரிசை. ஜன்னல் வழியாக நீலமாக ஏதோ தெரிந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இவர்கள் முறை வந்ததும் அந்த அம்மா மனப்பாடமாக ஒப்பித்தார்.

"ரெண்டு வருஷம் இங்கதான் தங்கணும். கடைசி ஆறு மாசம் கப்பல்ல பயிற்சி. அந்த நேரத்துல நினைச்சப்போ பேச முடியாது, நினைச்சப்போ வர முடியாது. பொண்ணை அனுப்ப உங்களுக்குச் சம்மதமா சார்?"

அப்பா வாயைத் திறந்தார்.

"சம்மதம் இல்ல" என்றார் அப்பா.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப வேற ஆளுக்குக் கொடுத்துடட்டுமா? பின்னாடி நிறைய பேர் நிக்கிறாங்க."

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க." அப்பா கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வரிசையில் நின்ற அத்தனை அப்பாக்களும் கேட்கும்படி, முதல்முறையாகக் குரலை உயர்த்திச் சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?"

கொக்கி முன்னால் வந்து விரலை வைத்து இடத்தைக் காட்டினாள். விரல் நடுங்கியது. அப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்தார்.